கசெர்தா அரண்மனையும் மவுண்ட் ரோஸ்கில் சுவரும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் சொன்ன ஒரு சொல்லைத் திருப்பி வாங்கத்தான் இந்தக் கடிதம். "வேலையை விட்டிட்டு அங்க வாறன் அப்பா. எலேனாவும் வாறன் எண்டு சொல்லுறாள்" என்றாய். இந்த மாத முடிவில் வேலையிடத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, கல்யாணத்தை இத்தாலியில் முடித்துக்கொண்டு, இருவருமாக ஒக்லாந்துக்கு வந்து என்னோடு இருப்பதாகச் சொன்னாய். நான் ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "ஓம், வா" என்றேன். நீ மூச்சு விட்டதுகூட இங்கே கேட்டது. அது நிம்மதி மூச்சா வேறு மூச்சா என்று நான் கவனிக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய் மூன்று பேருக்கு அரிசி களைந்து போட்டேன். எலேனாவுக்கு விசாவே இன்னும் கேட்கவில்லை, இந்தக் கிழவன் சோறாக்கிவிட்டான். நாலு நாளாக அதைத்தான் பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தின்கிறேன்.

அந்த நாலு நாளும் யோசித்தேன். காரியம் முடிந்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்யும் என்று உன் அம்மா சொல்வார். அவர் போய் ஆறு வருடமாகியும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. இடது கை மாவுக்கட்டில் இருந்தாலும் எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை, ஆகவே நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி. இதில் பாதி உனக்குத் தெரிந்த கதை. ஆனால் என் வாயால் நான் அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

போன வருடம் நீ வேலை செய்யும் கசெர்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு மூன்று கிழமை வைத்திருந்தாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து தலையை நிமிர்த்தினால் எதிரே அரண்மனை. ஒரே அளவான யன்னல்கள் வரிசை வரிசையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. "என்னடா, கச்சேரி மாதிரி இருக்கு" என்றேன். நீ சிரித்தாய். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் இருபது வருடம் கட்டடப் படம் வரைந்தவனுக்கு நீளமான கட்டடம் எதைப் பார்த்தாலும் கந்தோராகத்தான் தெரியும். உள்ளே ஆயிரத்து இருநூறு அறைகள், நாலு பெரிய முற்றங்கள் என்று சொன்னாய். இவ்வளவையும் கட்டச் சொன்ன அரசன் இதில் ஒருநாளும் படுத்து எழும்பவில்லை, வேறு நாட்டு முடி கிடைத்ததும் எட்டு வயது மகனை இங்கே அரசனாக வைத்துவிட்டுப் போய்விட்டான் என்றும் சொன்னாய். அந்தப் பிள்ளை பிறகு என்ன செய்தது என்று கேட்டேன். "இங்கயே இருந்தது" என்றாய்.

பெரிய படிக்கட்டு எனக்குப் பிடித்திருந்தது. நடுவில் ஒரே அகலப் படியாக ஏறி, இரண்டு பளிங்குச் சிங்கங்கள் இருக்கும் இடத்தில் நின்று, அங்கிருந்து இடமும் வலமுமாகப் பிரிந்து திரும்பி மேலே போகிறது. ஒவ்வொரு படியும் ஒற்றைக் கல். ஏறும்போது முழங்கால் நோகவில்லை. அது எப்படி என்று குனிந்து ஒரு படியின் உயரத்தைச் சாணால் அளந்து பார்த்தேன், காவலாளி முறைத்தான். மேலே கூரை இரண்டு அடுக்காம். இரண்டுக்கும் நடுவில் வாத்தியக்காரர்களை ஒளித்து வைத்து, அரசன் படி ஏறும்போது வாசிக்கச் சொல்வார்களாம். வாசிப்பது யார் என்று கீழே நிற்பவனுக்குத் தெரியாது. நீ அதை ஆசையாகச் சொன்னாய். நானோ, "அவங்கள் மேல ஏறுறதுக்குப் படி எங்க?" என்று கேட்டேன். நீ என் முதுகில் தட்டி, நல்ல கேள்வி என்றாய். பிள்ளையிடம் நல்ல பெயர் வாங்கும் வயது எனக்கு வந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு கீழே இறங்கி அந்த நடைக்கு வந்தோம். கட்டடத்தின் நடுவைப் பிளந்துகொண்டு முன்வாசலிலிருந்து பின்புறம்வரை நேராக ஓடுகிற அகன்ற நடை. இடையில் எட்டு மூலை மண்டபங்கள் மூன்று. முன்வாசலில் நின்று பார்த்தால் அந்த நடையின் வழியாகத் தோட்டமும், தோட்டத்தின் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக நீள் தடாகங்களும், அவற்றுக்கு அப்பால் மலைச்சரிவில் நூல் மாதிரி ஓர் அருவியும் தெரிகின்றன. அருவி கிட்டத்தட்ட இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. இவ்வளவு தூரமும் ஒரே கோடு. எங்கேயும் கண் தட்டவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். "பாத்தியா?" என்றேன். "பாத்தனான் அப்பா" என்றாய். நாம் இருவரும் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

இனி நம் வீட்டுக் கதை. தொண்ணூறில் மவுண்ட் ரோஸ்கிலில் இந்தப் பலகை வீட்டை வாங்கினோம். பழைய அரசாங்க வீடு, மூன்று அறை, நாலு பக்கமும் புல். எனக்கு முதல் நாளே அதில் ஒரு குறை. முன்கதவைத் திறந்தால் நேரே ஒரு சுவர். பின்கதவு அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், உன் அறையைத் தாண்டி இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு கட்டுகிற எந்த மேசனைக் கேட்டாலும் சொல்வான், முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேரில் இருக்க வேண்டும், நடுவில் தடுப்பு வந்தால் அந்த வீட்டில் சுகம் தங்காது என்று. நான் படித்தவன், இதையெல்லாம் சிரித்துத் தள்ளுகிறவன். அடுத்த வருடம் அம்மாவுக்கு நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதோடு என் சிரிப்புப் போய்விட்டது. பென்ரோஸில் நான் வேலை செய்த வேர்ஹவுஸில் பெட்டி எண்ணிக்கொண்டு நிற்பேன், கண்ணுக்குள் அந்தச் சுவர் நிற்கும். டாக்டர்மார் அவர்கள் வேலையைச் செய்கிறார்கள், என்னால் ஆனதை நான் செய்ய வேண்டாமா என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தது படம் வரைவது மட்டும்தான்.

வரைந்தேன். உன் அறையின் இரண்டு பக்கச் சுவரிலும் வழி திறந்து, அறையை நடையாக்கினேன். உனக்குப் பதினேழு வயது, பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஏழாம் படிவம், வருடக் கடைசியில் பெரிய சோதனை. "சோதனை முடியட்டுக்கும்" என்று அம்மா கெஞ்சினார். நான் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை தச்சன் வந்து உடைத்தான். உன் கட்டிலையும் மேசையையும் நீயே தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனாய். நான் முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். வீட்டின் வழியாகப் பின்வளவில் நின்ற எலுமிச்சை மரம் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "வடிவாய்த்தான் இருக்கு" என்றார். நான் அதை நம்பினேன்.

ஊரில் அந்த நேர்வழியால் காற்று வந்தால் உடம்பு குளிரும், மனமும் குளிரும். இங்கே வருடத்தில் பாதி தென்மேற்குக் குளிர்காற்று. பலகை வீடு, கீழே மரத்தளம். கதவை மூடியிருந்தாலும் கதவடியால் புகுந்து மற்றக் கதவடியால் போகும். ஹீட்டரை எவ்வளவு கூட்டி வைத்தாலும் சூடு நிற்கவில்லை. இது என் மண்டையில் ஏறவில்லை. நோயாளிக்குக் குளிரத்தானே செய்யும் என்று கம்பளி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு அம்மா போனார். அந்த நேர்வழியால்தான் அவரைக் கொண்டுபோனோம்.

கசெர்தாவில் அந்த நடையில் நிற்கும்போது மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. சித்திரை மாதக் காற்று, பெரிய குளிரில்லை. ஆனாலும் நீ கோட்டை இழுத்துப் போர்த்தினாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "அம்மா கண்டிருக்க வேணும்" என்றேன். அதற்குத்தான் நீ சொன்னாய். மிக மெதுவாக, என்னைப் பார்க்காமல், அருவிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"அம்மா பகல் முழுக்கக் கராஜிலைதான் இருந்தவ, அப்பா. வீட்டுக்குள்ள குளிர் தாங்கேலாமல். நீங்கள் வேலையால வாற நேரத்துக்கு எழும்பி உள்ளுக்குப் போயிடுவா. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ."

சிகரெட் பழக்கம் விட்டுப் பதினைந்து வருடம், அன்றைக்கு ஒன்று கிடைத்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது. கராஜில் உன் சின்ன ஹீட்டருக்குப் பக்கத்தில், உன் கட்டிலில், உன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அம்மா இருந்திருக்கிறார். நீ படம் வரைவாய், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நீ பல்கலைக்கழகத்துக்குப் போன நாட்களிலும் தனியாக அங்கே போய் இருப்பாராம். நான் ஐந்தரைக்கு வந்து கதவைத் திறக்கும்போது வீட்டுக்குள் சால்வையோடு உட்கார்ந்திருப்பார். "குளிருதோ?" என்று வாசலிலிருந்தே கேட்பேன். "இல்லை" என்பார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்ட கேள்விக்கு வேறு என்ன பதில் வரும். தம்பி, இதை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள். எலேனாவிடம் ஏதாவது கேட்டால் நின்று கேள். அவள் "இல்லை" என்று சொன்ன பிறகும் இன்னும் கொஞ்சம் நில்.

உன்மேல் எனக்குக் கோபமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று உள்ளுக்குள் உன்னைத் திட்டினேன். சுவரை ஒரே நாளில் திருப்பி வைத்திருப்பேனே. வைத்திருப்பேனா? அதுதான் எனக்கே சந்தேகம். அம்மாவுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை.

அடுத்த நாள் எலேனா வந்து நம்மைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். தடாகக் கரை வழியாக அருவிவரை நடந்தே போனோம். அருவியின் காலடியில் கல்லில் செதுக்கிய ஒருவன், பாதி மான், பாதி மனிதன். அவன் வளர்த்த நாய்களே அவனைக் கடிக்கப் பாய்கின்றன. குளிக்கும் தேவதையைப் பார்க்கக் கூடாத நேரத்தில் பார்த்துவிட்டானாம், அதற்குத் தண்டனை. அங்கே ஒரு கல்லில் குந்திக்கொண்டு நீ தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். இந்த அருவி மலையில் பிறந்த அருவி இல்லை, எங்கோ தூரத்து ஊற்றிலிருந்து இருபத்துநாலு மைல் நிலத்துக்குக் கீழே வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தது, வழியில் ஒரு பள்ளத்தாக்கை மூன்றடுக்கு வளைவுப் பாலத்தில் கடந்து வருகிறது, சரிவு கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனாலும் ஓரிடத்திலும் தேங்கவில்லை. அந்த வாய்க்காலின் பழுது பார்க்கும் வேலைக்குத்தான் நீ படம் வரைகிறாய். கையை நீட்டிச் சரிவைக் காட்டினாய், மண்ணில் குச்சியால் கீறினாய், எலேனாவின் கைப்பையைப் பாலமாக நிற்க வைத்தாய். ஒரு மணித்தியாலம் விடாமல் கதைத்தாய். இந்த வீட்டில் நீ இருந்த இத்தனை வருடத்தில் என் முன்னால் நீ அவ்வளவு கதைத்ததில்லை. எனக்கு அதில் பாதி புரிந்தது. மீதி நேரம் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பக்கத்தில்தான் இங்கிலீஷ் தோட்டம். அங்கே ஒரு கோடும் நேரில்லை. பாதை வளைகிறது, குளம் வளைகிறது, மரங்கள் நினைத்த இடத்தில் நிற்கின்றன. அதுதான் எலேனா வேலை செய்யும் இடம், செடிக் கொட்டில்களில். குளத்து நடுவில் இடிந்த கோயில் ஒன்று. எந்தப் போரில் இடிந்தது என்று கேட்டேன். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தீர்கள். அது இடியவில்லை, கட்டும்போதே இடிந்ததுபோலக் கட்டினார்கள், அழகுக்கு என்று நீ சொன்னாய். எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியும். ஊரில் சண்டையில் நம் வீட்டின் கூரை போய், சுவரில் மரம் முளைத்திருக்கிறது என்று செய்தி வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. "காசு குடுத்து இடிச்சவங்களோ?" என்று கத்தினேன். எலேனாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விளங்கிவிட்டது. அவள் என்னைச் செடிக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய், தான் பதியம் வைத்த கமெலியாப் பூச்செடிக் கன்றுகளைக் காட்டினாள். தெரிந்த நாலு இங்கிலீஷ் சொல்லில், தான் நட்டது எதுவும் தான் இருக்கும்போது பெரிய மரமாகாது, பரவாயில்லை என்றாள். பிறகு ஒரு கதிரை கொண்டுவந்து, வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போட்டு, என்னை இருத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, என் கையைத் தொட்டுச் சூடாக இருக்கிறதா என்று பார்த்தாள். அந்தப் பிள்ளையை நீ விட்டுவிடாதே என்று அன்றைக்கே சொல்ல நினைத்தேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

இப்போது நான் உனக்குச் சொன்ன பொய்யைச் சொல்கிறேன். கூரையோரத் தண்ணிப் பீலி துப்புரவாக்க ஏணியில் ஏறி விழுந்தேன் என்று சொன்னேன் அல்லவா? பீலி பக்கமே நான் போகவில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து அந்தத் திறந்த நடை என் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது. உங்கள் கல்யாணச் செய்தி வந்ததும் மரச்சட்டமும் பலகையும் வாங்கிவந்து, பழைய இடத்தில் சுவரை நானே திருப்பி எழுப்பத் தொடங்கினேன். தச்சனைக் கூப்பிடவில்லை. உடைக்கச் சொன்னவன் நான், கட்டுவதும் நானே என்று ஒரு பிடிவாதம். ஒரு பக்கம் முடித்துவிட்டேன். மற்றப் பக்கத்தில் மேல் பலகையைத் தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஆணி அடிக்கும்போது ஏணி சரிந்தது. காலை பத்து மணிக்கு விழுந்தவன், பக்கத்து வீட்டு மனுசி பிற்பகலில் எலுமிச்சங்காய் கேட்டு வரும்வரை உன் பழைய அறைக்குள்ளேயே கிடந்தேன். தொலைபேசி இரண்டு தரம் அடித்தது. யாரென்று தெரியவில்லை. யாரோ என்னை நினைத்திருக்கிறார்கள் என்பதே அந்த நேரத்தில் பெரிய சங்கதியாக இருந்தது.

அந்த அறை உனக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கட்டினேன். உனக்கும் அம்மாவுக்கும் நான் செய்ததற்குப் பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொண்டேன். நிலத்தில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உண்மை தெரிந்தது. நீயும் அவளும் வந்து இங்கே இருக்க வேண்டும் என்பதற்காக அறை கட்டுகிறேன். நான் தனியாக இருக்கிறேன், அதுதான் காரணம். முதல் தரம் என் பயத்துக்காக உன் அறையை எடுத்தேன். இந்த முறை என் பயத்துக்காக ஓர் அறையைக் கட்டி அதற்குள் உன்னைக் கொண்டுவந்து வைக்கப் பார்த்தேன். அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு வந்து நீ இங்கே என்ன செய்வாய்? யாருக்காவது பின்வளவில் போடும் மர டெக்குக்குப் படம் வரைவாய். எலேனா மோலில் ஏதாவது கடையில் பூ விற்பாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்து, "இல்லை அப்பா, ஒன்றுமில்லை" என்பீர்கள். நானும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே நம்புவேன்.

ஆகவே வராதே. விலகல் கடிதம் கொடுக்காதே. கல்யாணத்துக்குக் கை சரியானதும் நான் வருகிறேன், வேட்டியோடு வருவேன், உன் மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வை. பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். என்னைப் பற்றிப் பயப்படாதே என்று எழுத மாட்டேன், அது பொய். இங்கே தனிமைதான். காலையில் எழும்பி யாரோடும் கதைக்காமல் பின்னேரம்வரை இருந்துவிட்டு, கடையில் பால் வாங்கும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கிற நாட்கள் இருக்கின்றன. நீ வந்தால் அது போய்விடும். உண்மைதான். ஆனால் அது போவதற்கு நீ உன்னைக் கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மனுசி தன் கோயிலில் வயது போனவர்கள் புதன்கிழமைகளில் கூடுகிறார்கள், வா என்று கூப்பிட்டிருக்கிறாள். கிறிஸ்தவக் கோயில், பாட்டெல்லாம் தொங்கா தீவுக்காரரின் மொழியில். ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன்.

இன்னொன்று. இந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ எனக்குத் தொலைபேசி எடுப்பாய், அப்போது இந்தக் கடிதம் உன்னிடம் வந்திருக்காது. நான் இதில் எழுதிய எதையும் தொலைபேசியில் சொல்ல மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். உன் குரலைக் கேட்டதும் எப்போது வருகிறாய், எந்த பிளேனில் வருகிறாய் என்றுதான் கேட்பேன். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படித்தான். கடிதம் கையில் கிடைத்தபின் நீ, "அப்பா, நான் வரேல்லை" என்று சொல். பிறகு, "ஏன் தம்பி, வாவன்" என்று கேட்பேன். அந்த நேரத்தில் என் சொல்லைக் கேட்காதே.

அப்பா